தாடிப்புல்லுக்கு யார் பெயர்?

கணவருடைய பெயரை ஒரு புல்லுக்கு வைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது கோந்தக்காவின் கையில் தூரிகை இருந்தது. கிண்ணத்தில் கோந்து அப்போதுதான் பதத்துக்கு வந்திருந்தது. காய்ந்த செடி ஒன்றை வெள்ளைத் தாளில் கிடத்திக்கொண்டிருந்தவளின் பின்னால் வந்து நின்றார் தாவரவியல் டாக்டரம்மா.

"அக்கா, இன்னிக்கு நீங்க எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும். உங்க வீட்டுக்காரர் பேரு இனிமே அழியவே அழியாது."

"எதுக்கு மேடம்?"

"நம்ம டிரைவரண்ணன் பேர்ல ஒரு புது புல்லு. கட்டுரை அச்சாயிடுச்சு. இந்தாங்க, படத்தைப் பாருங்க."

கோந்தக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். பெயரை அவள் படிக்கவில்லை. படத்தைத்தான் முதலில் பார்த்தாள். ஓர் இலையைப் பின்னால் மடக்கி, தண்டோடு அது சேரும் இடத்தைப் பெரிதாக்கி வரைந்திருந்தார்கள். அந்த இடத்தில் வரிசையாக வெள்ளை ரோமம். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு அடிவயிற்றில் என்னவோ காந்தியது. அது அவளுடைய புல்.

அவளுடையது என்று சொல்ல அவளிடம் சாட்சி இல்லை. ஆனால் விஷயம் அதுதான்.

அந்த நிறுவனத்தில் உலர்ந்த தாவரங்களைச் சேர்த்து வைக்கும் காப்பகம் ஒன்று இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பறித்து வரும் செடிகளைச் செய்தித்தாளில் வைத்து அழுத்திக் காயவைப்பார்கள். காய்ந்ததைக் கெட்டித் தாளில் ஒட்டி, பருமனான தண்டை நூலால் தைத்து, உதிர்ந்த விதைகளைச் சின்ன உறையில் போட்டு, வலது கீழ்மூலையில் விவரச்சீட்டு ஒட்டி, எண் முத்திரை குத்தி, அட்டைக்குள் வைத்து இரும்பு அலமாரியில் அடுக்க வேண்டும். இருபத்து நான்கு வருடமாக இந்த வேலையைச் செய்தவள் அவள். முதல் வருடமே 'கோந்தக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயருக்கு வேலை இருக்கவில்லை.

அதே நிறுவனத்தின் ஜீப்பை ஓட்டியவர் அவளுடைய கணவர். டாக்டரம்மாவையும் மற்றவர்களையும் காடு மேடெல்லாம் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவர் வேலை. செடியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். "எனக்குத் தெரிஞ்சது ரெண்டே வகை. டயருக்கு அடியில வர்றது, வராதது."

நிறுவனத்தைச் சுற்றிலும், சாலையோரம், சுவரோரம், சைக்கிள் நிறுத்துமிடத்துச் சிமெண்ட் விரிசலில் என்று எங்கே பார்த்தாலும் ஒரு புல் முளைத்துக் கிடக்கும். யாரும் குனிந்து பார்க்காத புல். காப்பகத்தில் அதற்கு ஏழு அட்டைகள், முந்நூறுக்கும் மேற்பட்ட தாள்கள். எல்லாம் ஒரே பெயரில். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பூச்சி அரித்த தாள்களைப் பழுதுபார்க்கும்போது கோந்தக்கா ஒன்றைக் கவனித்தாள். புல்லின் இலை தண்டோடு சேரும் இடத்தில், உட்பக்கம், 'நாக்கு' என்று ஒன்று இருக்கும். பெரும்பாலான தாள்களில் அது வெங்காயச் சருகு போல மெல்லிய சவ்வு. சிலவற்றில் மட்டும் சவ்வு இல்லை, ரோமம். இலையை மடக்கினால்தான் தெரியும். ஒட்டியபின் யார் மடக்கிப் பார்க்கிறார்கள்? ஒட்டுகிறவள் மட்டும்தான் பார்ப்பாள்.

அவள் ரோமம் இருந்ததற்குத் 'தாடி' என்றும் இல்லாததற்கு 'மொட்டை' என்றும் பெயர் வைத்துக்கொண்டாள். பிறகு பூவையும் பார்த்தாள். தாடிக்குப் பூவின் அடியிலுள்ள செதில் பூவில் பாதி நீளம்தான். மொட்டைக்கு முழு நீளம். ரோமம் இருந்த தாள் ஒவ்வொன்றிலும் செதில் குட்டையாகவே இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

அப்போதிருந்த பழைய இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றாமல், அவளைப் பார்க்காமல், "நீங்க ஒட்டுங்கம்மா. வகைப்படுத்தறதை நாங்க பார்த்துக்கறோம்" என்றார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் தாடியை எல்லாம் தனி அட்டையில் போட்டாள். மேலே பென்சிலில் 'இது வேறு?' என்று ஒரு துண்டுச்சீட்டு. வருடத்துக்கு நாலைந்தாகச் சேர்ந்து நாற்பத்தொரு தாளாகியிருந்தது. பழைய இயக்குநர் ஓய்வு பெற்றுப் போனார். டாக்டரம்மா வந்தார். அட்டை அலமாரியில் இருந்தது. யாராவது எடுத்துப் பார்த்து, இதைப் பிரித்தது யார் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்லலாம் என்று அவள் இருந்தாள்.

கேட்கவில்லை. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், இந்தப் புதுப்புல்லுக்குச் சான்றாகப் பார்த்த தாள்களின் எண்கள் இருந்தன. கோந்தக்கா விரல் வைத்து எண்ணினாள். நாற்பத்தொன்று. ஒவ்வோர் எண்ணும் அவள் கையால் குத்திய முத்திரை. நன்றி சொல்லும் இடத்தில் 'காப்பகப் பணியாளர்கள்' என்று இருந்தது. அதில் கூட்டிப் பெருக்குகிறவரும் அடக்கம்.

பெயர்க் காரணம் நாலு வரியில் இருந்தது. ஜீப்பின் டயர் பஞ்சரான இடத்தில், சக்கரம் மாற்றிக்கொண்டே ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கிக் கொடுத்தவர் ஓட்டுநர். இருபத்திரண்டு வருடம் அலுக்காமல் வண்டி ஓட்டிய அவரைச் சிறப்பிக்கும் விதமாக என்று எழுதியிருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஏத்த பெருமைதான்" என்று கோந்தக்கா சிரித்தாள். அன்றைக்கு அவள் ஒட்டிய மூன்று தாள்கள் கோணலாகப் போயின.

சாயங்காலம் டிரைவர் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு இனிப்புப் பொட்டலம். அவள் கதவைத் திறந்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய்விட்டாள்.

"கேள்விப்பட்டியா?"

"கேள்விப்பட்டேன்."

"என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

"என்ன சொல்லணும்? டயர் பஞ்சரானதுக்கு ஒரு பேரு. இஞ்சின் கெட்டுப் போயிருந்தா மரத்துக்கே வச்சிருப்பாங்க."

அவர் சிரித்தார், கேலி என்று நினைத்துக்கொண்டு. கல்லூரியில் படிக்கும் மகள் போனில் தேடி, அப்பாவின் பெயரை லத்தீன் வாலோடு உரக்கப் படித்துக் காட்டினாள். ஒருமுறை அல்ல, ஏழெட்டு முறை. "அம்மா, அப்பா இப்ப ஒரு ஸ்பீஷீஸ்!" அடுப்படியில் கோந்தக்கா பாத்திரத்தைத் தேவைக்கு அதிகமாகத் தேய்த்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை டிரைவரின் அக்கா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். கோந்தக்காவுக்கு நாத்தனார். அவளுக்குத் தம்பி என்றால் உயிர். வாசலில் நுழையும்போதே தெரிந்தது, கூடத்துச் சுவரில் கட்டுரையின் முதல் பக்கம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. வந்த உறவுக்காரர்களை ஒவ்வொருவராக அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள் நாத்தனார்.

"எழுத்துக் கூட்டிப் படிங்க. அது எங்க தம்பி பேரு. கடைசியில ஒரு 'இ' சேர்த்திருக்காங்க, அவ்வளவுதான்."

பிறகு கோந்தக்காவின் பக்கம் திரும்பினாள். "நீயும் இத்தனை வருஷமா புல்லோடயே கிடக்கற. என்ன பிரயோஜனம்? போற போக்குல ஒரு கொத்தைப் பிடுங்கினான், பேரை வாங்கிட்டான் பார்!"

கூடமே சிரித்தது. டிரைவர் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அப்போது கோந்தக்கா அடக்கம் என்று நினைத்தாள். அந்த அடக்கமும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

லத்தீன் வால் பற்றி அவளுக்கும் தெரியும். இருபத்து நான்கு வருடம் விவரச்சீட்டுகளை ஒட்டியவளுக்கு நூறு நூற்றைம்பது லத்தீன் சொற்கள் தானாகவே படிந்திருந்தன. ஆண் பெயரென்றால் கடைசியில் 'இ'. பெண் பெயரென்றால் 'ஏ'. மறுநாள் மேஜையில் யாரும் இல்லாத நேரத்தில், வீணான சீட்டு ஒன்றின் பின்புறம் தன் சொந்தப் பெயரை எழுதி, 'ஏ' சேர்த்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அவர் பெயரைவிட நன்றாக இருந்தது. சுக்குநூறாகக் கிழித்துக் கோந்துக் கிண்ணத்துக்கு அடியில் தள்ளினாள்.

அதற்குப் பிறகு அவருடைய சின்னச் சின்ன விஷயங்கள்கூட அவளுக்கு ஆகவில்லை. அலுவலக வாசலில் காவலாளி எழுந்து நின்று, "வாங்கண்ணே, புல்லண்ணே" என்று அவரைக் கூப்பிட்டதைக் கேட்டதிலிருந்து அவள் பக்கத்து வாசல் வழியாகப் போக ஆரம்பித்தாள். அவர் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று, விரிசலில் முளைத்த புல்லை யாரோ ஒரு விருந்தினருக்குக் காட்டிக்கொண்டிருந்தார் ஒருநாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அது தாடி அல்ல, மொட்டை. 'தன் பேரு எதுன்னே தெரியாத ஆளு' என்று முணுமுணுத்தாள். கட்டிக்கொண்டவர் மேல் இவ்வளவு புகைச்சல் வரலாமா என்று தன்மேலேயே வெறுப்பாகவும் இருந்தது. ஆனாலும் புகைந்தது.

அந்தப் புகைச்சலில்தான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தாவரங்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு சட்டம் உண்டு. யார் முதலில் பெயர் வைத்து, விவரம் எழுதி, அச்சிட்டாரோ அவர் வைத்த பெயர்தான் செல்லும். பின்னால் வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவர் வைத்தது தள்ளுபடி. இவ்வளவு சாதாரணமான புல்லை, சுவருக்குச் சுவர் முளைக்கிற புல்லை, இத்தனை காலத்தில் ஒருவர்கூடக் கவனிக்காமலா இருந்திருப்பார்?

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதையும் அவள் அதற்குக் கொடுத்தாள். பழைய கட்டுகளைப் பிரித்தாள். பெயர் சரியாகத் தெரியாதவை, பேரினம், அதாவது பெயரின் முதல் சொல், தப்பாகி வேறு அட்டையில் வைத்தவை, ஓரம் உடைந்து யாரும் தொடாதவை. பூச்சி மருந்து நெடியில் கண் எரிந்தது. ஒவ்வொரு புல்லாக இலையை லேசாக விலக்கிப் பூதக்கண்ணாடியில் நாக்கைப் பார்த்தாள். இரண்டு மாதம் ஒன்றும் அகப்படவில்லை. விடவும் மனம் வரவில்லை.

மூன்றாவது மாதத்தில் அகப்பட்டது. நூற்று முப்பது வருடப் பழைய தாள், தேயிலை நிறத்துக்குப் பழுத்திருந்தது. முற்றிலும் வேறொரு பேரினத்தின் அட்டைக்குள் கிடந்தது. இலையை விலக்கினாள். தாடி. செதிலைப் பார்த்தாள். பாதி நீளம். மூலையில் மங்கிய மையில் ஒரு லத்தீன் பெயர், பக்கத்தில் 'புதிய இனம்' என்ற குறிப்பு. பெயரின் இரண்டாம் சொல்லை அவள் இருமுறை படித்தாள். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். வேறு செடிகளின் சீட்டில் எத்தனையோ முறை ஒட்டியிருக்கிறாள். 'தாடியுடையது' என்று பொருள்.

எப்போதோ செத்துப்போன யாரோ ஒருவர் அதே இலையை மடக்கி, அதே ரோமத்தைப் பார்த்து, அவள் நினைத்ததையே நினைத்திருக்கிறார்.

சீட்டில் எழுதினால் மட்டும் போதாது, அச்சாகியிருக்க வேண்டும். நூலகத்தில் பொடிந்துபோன இதழ்த் தொகுதிகளை இன்னும் பதினோரு நாள் புரட்டினாள். ஒரு பக்கத்தின் அடியில் நாலே வரி லத்தீன், கீழே அதே பெயர், அதே தாளின் எண். வேறு பேரினத்தில் வைத்து எழுதியிருந்ததால் டாக்டரம்மாவின் கண்ணில் படாமல் போயிருந்தது. அவ்வளவுதான்.

அவள் புத்தகத்தை மூடினாள். அன்று முழுவதும் யாரிடமும் சொல்லவில்லை. இதைச் சொன்னால் கணவர் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் தவறு தவறாகவே நிற்கும். சரியானது சரியாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் சொல்கிறேன் என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். நாத்தனார் வீட்டுச் சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டம்தான் ஒவ்வொரு முறையும் கண்முன்னால் வந்தது.

மறுநாள் காலையில் பழுத்த தாளையும் இதழையும் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தாள்.

டாக்டரம்மா நெடுநேரம் பூதக்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் வெளிறியிருந்தது.

"இதை நான் பார்த்திருக்கணும். எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"தேடினேன் மேடம்."

"எதுக்குத் தேடினீங்க?"

கோந்தக்கா தாளின் ஓரத்தை நேராக்கினாள். "மத்தியானம் பொழுது போகல" என்றாள்.

"டிரைவரண்ணன்கிட்ட நான் எந்த முகத்தோட சொல்லுவேன்? எவ்வளவு சந்தோஷமா இருந்தாரு... நீங்களே வீட்டுல பக்குவமா சொல்லிடறீங்களா?"

"வச்சது நீங்க மேடம். நீங்களே சொல்லிடுங்க."

தன் வாயிலிருந்து வந்த அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அன்று சாயங்காலம் டிரைவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். குளித்தார். மடக்கு நாற்காலியை எடுத்துச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தார். அவர் கத்தப்போகிறார் என்று கோந்தக்கா காத்திருந்தாள். பதில் சொல்ல வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தாள்.

"எத்தனை நாளா தேடினே?"

"மூணு மாசம்."

"சாப்பாட்டு டப்பா தொட்டும் தொடாமலும் திரும்பி வந்துச்சே, அதுக்குத்தானா?"

"ம்."

அவர் ஈரத் துண்டை நாற்காலி முதுகில் போட்டார். "நல்லதாப் போச்சு" என்றார்.

"என்ன நல்லதாப் போச்சு?"

"எனக்கு அந்தப் பேரு வேண்டாம்னு இருந்துச்சு. வேணும்னும் இருந்துச்சு." தயங்கினார். "அன்னிக்கு டயர் மாத்தறப்ப முட்டி போட்டேன்ல, கீழே அந்தப் புல்லு. நீ சாப்பிடறப்ப எல்லாம் சொல்லுவியே, தாடி மொட்டைன்னு. சும்மா ஒரு இலையை மடக்கிப் பார்த்தேன். தாடி இருந்துச்சு. உனக்குக் கொண்டுவந்து காட்டலாம்னுதான் பிடுங்கினேன்."

கோந்தக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டாக்டரம்மா கையில என்னன்னு கேட்டாங்க. 'இதுல தாடி இருக்கு மேடம்'னேன். அவங்க வாங்கிப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. 'உங்களுக்கு எப்படித் தெரியும், யார்கிட்டயும் இந்தக் கண்ணு கிடையாதே'ன்னாங்க. நான் சொல்லியிருக்கணும், என் வீட்டுல சொன்னதுன்னு."

"ஏன் சொல்லலை?"

"இருபத்திரண்டு வருஷத்துல 'வண்டியைத் திருப்புங்க, வண்டியை நிறுத்துங்க' தவிர யாரும் என்கிட்ட வேற பேசினதில்ல. அப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அவங்க பேரு வைக்கறேன்னாங்க. அப்புறம் சொல்லவே முடியல." குரல் இறங்கியது. "நீ வீட்டுக்கு வந்தா பேச எவ்வளவோ இருக்கு. இலைங்கற, பூங்கற, நாக்குங்கற. எனக்கு என்ன இருக்கு? ரோடு, டீசல். ஒரு தடவை எனக்கும் இருக்கட்டுமேன்னு ஆசை வந்துடுச்சு."

கோந்தக்கா அடுப்பை அணைத்தாள். ஒன்பது வருடமாகச் சாப்பிடும்போது 'ம்', 'ம்' என்றவர், கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அது நெஞ்சைத் தொட்டது. ஆனால் கேட்டதை எடுத்துக்கொண்டுபோய்த் தன் பெயரில் எழுதவும் விட்டிருக்கிறார். அதை நினைத்தால் கோபம் தலைக்கு ஏறியது. கோபம்தான் ஜெயித்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. தட்டை வைத்தாள், எடுத்தாள். இடையில் மகள் மாட்டிக்கொண்டு, "அம்மா, அப்பா தண்ணி கேக்கறாரு. அப்பா, அம்மா குழாய்ல பிடிச்சுக்கச் சொல்றாங்க" என்று தூது போனாள்.

மூன்றாம் நாள் காலையில் டிரைவர் ஜீப்பைத் துடைக்காமல் நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். என்ன பேசினார் என்று கோந்தக்காவுக்குத் தெரியாது. கால் மணி நேரத்தில் டாக்டரம்மா ஒட்டும் மேஜைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்பு ஒருநாளும் அங்கே உட்கார்ந்ததில்லை.

"நாற்பத்தொரு தாளையும் பிரிச்சு வச்சது நீங்களா?"

"ஆமா."

"பழைய டைரக்டர் பிரிச்சதுன்னு நினைச்சேன். ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லலை?"

"யாரும் கேக்கல மேடம்."

டாக்டரம்மா கோந்துக் கிண்ணத்தை மெல்ல நகர்த்தி வைத்தார். "கேட்டிருக்கணும்" என்றார்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. திருத்தக் கட்டுரை எழுத வேண்டும். நூற்று முப்பது வருடப் பெயரை எடுத்து, சரியான பேரினத்துக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால், முதலில் பெயர் வைத்தவரை அடைப்புக்குள் போட்டு, அதன் பக்கத்தில் மாற்றியவர்களின் பெயரைப் போடுவது வழக்கம். அந்தப் புல்லைப் பற்றி யார் எங்கே முறையாக எழுதினாலும் அந்தப் பெயர்கள் கூடவே வரும். மாற்றுகிறவர்கள் இரண்டு பேர் என்றார் டாக்டரம்மா. ஒருவர் அவர். இன்னொருவர் கோந்தக்கா.

"நான் ஒட்டறவ, மேடம்."

"இனிமே ஒட்டிக்கிட்டே எழுதுங்க."

எட்டு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது. கோந்தக்கா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். தலைப்புக்குக் கீழே அவள் பெயர். புல்லின் பெயருக்குப் பின்னால் அவள் பெயர். கொஞ்சம் தள்ளி, தள்ளுபடியான பெயர்களின் வரிசையில், சாய்ந்த எழுத்தில் கணவர் பெயர், 'இ' வாலோடு. தேடியதும் அதற்குத்தான், கிடைத்ததும் அதுதான். ஆனாலும் அந்தச் சாய்ந்த எழுத்தைப் பார்த்தபோது அவள் நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. அவர் பெயர் நன்றாகத்தான் இருந்தது என்றும் தோன்றியது.

வீட்டில் டிரைவர் கட்டுரையை வாங்கி, அவள் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ரெண்டு எடத்துல போட்டிருக்காங்க" என்றார். பிறகு வெளியே போய் வாசலில் நின்றுவிட்டு வந்தார். அவர் வயிற்றில் என்ன காந்துகிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததில் ஒரு சின்னத் திருப்தி வந்ததையும் மறைப்பதற்கில்லை.

நாத்தனாரிடம் விஷயத்தை மகள்தான் சொன்னாள். அவள் சட்டத்தைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். "புல்லு மாறிச்சா? அதே புல்லுதானே? பேரை நீங்க என்ன வேணா மாத்திக்குங்க. எங்க வீட்டுச் செவுத்துல எங்க தம்பி பேருதான்." கோந்தக்காவின் கட்டுரையை அவளிடம் யாரும் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்த பயணத்துக்கு டாக்டரம்மா கோந்தக்காவையும் கூப்பிட்டார். இத்தனை வருடமாக அவள் கைக்கு வந்ததெல்லாம் அழுத்திக் காய்ந்த செடிகள்தான். வண்டியில் போய்ப் பறித்ததில்லை. தொப்பி ஒன்று வாங்கினாள். ஜீப்பில் முன்னிருக்கை டாக்டரம்மாவுடையது. பின்னால் செய்தித்தாள் கட்டுகளுக்கும் அழுத்தும் பலகைகளுக்கும் நடுவே கோந்தக்கா உட்கார்ந்தாள்.

ஊரைத் தாண்டியதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் மடைதிறந்த மாதிரி பேச ஆரம்பித்தார். ஒரு லாரிக்காரன் வழி தெரியாமல் ஒரே பாலத்தை மூன்று முறை கடந்த கதை. ஆடு ஒன்று ஜீப்புக்குள் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்ற கதை. லாரிக்காரன் குரலில் பேசினார், ஆட்டின் குரலிலும் பேசினார். டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அண்ணே, போன தடவை சொன்ன அந்த ரயில்வே கேட் கதை!" என்றார். போன தடவை. அதற்கு முந்தைய தடவை. யாரும் தன்னிடம் பேசினதில்லை என்று சொன்ன மனிதர் பேசாமல் ஒன்றும் இருந்திருக்கவில்லை. இத்தனை கதைகளையும் டாக்டரம்மாதான் கேட்டிருக்கிறார். அவள் கேட்டது ஒன்றுகூட இல்லை. இஞ்சின் சத்தத்தில் பாதி வார்த்தைகள் பின்னிருக்கைக்கு வந்தும் சேரவில்லை.

கோந்தக்காவுக்குப் பழைய இடத்தில் மறுபடி காந்தியது. தன் பெயர் அச்சில் வந்துவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள்.

அன்று பதினேழு வகைப் புல் பறித்தார்கள். ஒவ்வொன்றின் இலையையும் அவள் மடக்கிப் பார்த்தாள். டாக்டரம்மா இரண்டு முறை, "அக்கா, இதைப் பாருங்க" என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். அது பிடித்திருந்தது. ஆனாலும் திரும்பி வரும்போது அவள் பார்வை முன்னிருக்கையின் முதுகிலேயே இருந்தது.

வெயில் தாழும் நேரத்தில் டாக்டரம்மா தன் வீட்டுத் தெருமுனையில் இறங்கிக்கொண்டார். டிரைவர் வண்டியை எடுக்காமல் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"முன்னாடி வந்து உக்காரேன்."

"இங்கயே இருக்கேன். வீடு பக்கத்துலதானே."

"சரி."

ஆனால் அவர் கியரைப் போடவில்லை. கோந்தக்கா பலகைகளை நகர்த்தி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, சுற்றி வந்து முன்கதவைத் திறந்து ஏறினாள். இருக்கை அவள் நினைத்ததைவிட உயரமாக இருந்தது.

"அந்த லாரிக்காரன் கதையை முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள். "சத்தத்துல எனக்கு ஒண்ணும் விழல."

"வீடு வந்துடுமே."

"வரட்டும். ரெண்டு சுத்து சுத்துங்க."